இரண்டு பேர் இருக்கிற கார்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தில்லைநாதனுக்குத் தெரியாத தெரு இல்லை. புத்தூரில் எந்த ஒழுங்கை எங்கே முடங்குகிறது, அரியாலையில் எந்த மதகு எத்தனை அடி அகலம், தொண்டைமானாற்றுத் தெரு கடலைக் கண்டதும் எந்தப் பக்கம் திரும்புகிறது, எல்லாம் மனிதருக்கு மனப்பாடம். போய்ப் பார்த்தீர்களா என்று மட்டும் அவரைக் கேட்டுவிடக் கூடாது. நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிறவர் அவர். தெருக்கள்தான் அவருடைய மேசைக்கு வரும், அவர் தெருவுக்குப் போவதில்லை. இருபத்தாறு வருடம் இப்படியே போய்விட்டது.

அவர் தினமும் கண்டது ஒரே ஒரு தெரு. மானிப்பாய் வீட்டிலிருந்து பட்டினத்துக் கந்தோருக்கு, சைக்கிளில். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டால் பாவம், வேட்டி ஒரு பக்கம், சால்வை ஒரு பக்கம். சைக்கிள் ஓடுகிறாரா, காற்றோடு மல்லுக்கட்டுகிறாரா என்று கண்டவர்களுக்கே விளங்காது. இந்த மனிதருக்குக் கார் ஓட்டும் லைசென்ஸ் இருந்தது என்றால் நம்புவீர்களா? கந்தோர் லொறி ஓட்டும் பஞ்சலிங்கத்தைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பழகி, ஏழு வருடத்துக்கு முன்னமே எடுத்து வைத்திருந்தார். மாடு வாங்க முதல் கயிறு வாங்கின ஆள்.

1938ஆம் ஆண்டு வைகாசியில் அந்த மாடு வந்தது. தெருப் பகுதி இஞ்சினியராக இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பப் போகிறார், காரை விற்கிறார் என்று பஞ்சலிங்கம் வந்து சொன்னான். தில்லைநாதன் சும்மா பார்க்கத்தான் போனார். சும்மா பார்க்கப் போகிறவன்தானே எப்போதும் விழுகிறான்!

பச்சை நிறம். கூரை இல்லை. மழை வந்தால் இழுத்துப் போட ஒரு கன்வஸ் துணி. இரண்டே இரண்டு இருக்கை. கதவு அவ்வளவு தாழ்வு, உள்ளே இருந்து கையைத் தொங்கவிட்டால் தெருவைத் தொட்டுவிடலாம். பின்பக்கத்தை இரண்டு பேர் பிடித்தால் தூக்கி நகர்த்திவிடலாம், அவ்வளவு இலேசு. சனி ஞாயிறுகளில் உல்லாசமாக ஓடித் திரிவதற்கென்றே செய்த வண்டி அது. சந்தைக்கு ஒரு மூட்டை வெங்காயம் ஏற்ற உதவாது. தில்லைநாதன் அதை மூன்று தரம் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்பத்தொன்பது வயதில் காதல் வந்தால் வேறு என்ன செய்வது?

அன்று பின்னேரம் பெண்சாதி அருமைநாயகியிடம் கதையை விட்டார்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? ரெண்டு பேர் இருக்கிற காரிலை நாங்கள் மூண்டு பேர் எப்பிடிப் போறது? பூரணத்தை என்ரை மடியிலை வைச்சுக்கொண்டோ?"

"அவள் நெடுக எங்களோடையே இருக்கப்போறாள்? கலியாணம் முடிச்சுப் போனாப் பிறகு நாங்கள் ரெண்டு பேர்தானே அருமை. சனிக்கிழமை கீரிமலைக்குப் போய் முழுகுவம். ஞாயிற்றுக்கிழமை தொண்டைமானாறு. நான் கீறின தெருவெல்லாம் உமக்குக் காட்டுறன்."

"கூரையில்லாத காரிலை, இந்த வயசிலை, நான் தலைவிரி கோலமாய்... சிவசிவா! ஊர் சிரிக்கும்."

"தலையை ஒரு லேஞ்சியாலை இறுக்கிக் கட்டும். காத்து என்ன செய்யும்?"

"போங்கோ உங்கடை பகிடியும் நீங்களும்," என்று அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் அங்கே போய்த் தனியே சிரித்தாள். அது தில்லைநாதனுக்குத் தெரியாது.

மகளின் கதையைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். பூரணத்துக்கு இருபத்தாறு வயது. குணமான பிள்ளை, வடிவான பிள்ளை, ஆனால் சாதகத்தில் செவ்வாய்க் குற்றம். அதே குற்றம் உள்ள மாப்பிள்ளைதான் பொருந்தும். மூன்று வருடமாகப் பதினொரு குறிப்புப் பார்த்துப் பதினொன்றும் திரும்பி வந்தன. பன்னிரண்டாவது, சாவகச்சேரி மருந்துச்சாலையில் அப்போதிக்கரியாக இருக்கிற சண்முகநாதனுடையது. டாக்குத்தருக்கு அரைப்படி குறைந்த உத்தியோகம்தான், ஆனால் அரசாங்கச் சம்பளம், செவ்வாயும் அதே இடத்தில். குறிப்பு அவர்களுடைய கையில் போய் ஒரு மாதம். மறுமொழி வரவில்லை. வீடு வளவு, நகை, எல்லாம் பூரணத்துக்கென்று ஒதுக்கியாயிற்று. தாய் வழியில் வந்த ஒரு துண்டுக் காணியை விற்ற காசுதான் தில்லைநாதனுடையது என்று மிஞ்சியிருந்தது. அதைத்தான் அவர் காருக்கென்று மனதில் முடிந்து வைத்திருந்தார்.

துரை நல்ல மனிதர். "சனி ஞாயிறு கொண்டுபோய் ஓடிப் பாரும், பிடித்தால் வந்து சொல்லும்" என்று காரின் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை அந்தப் பச்சைக் கார் மானிப்பாய் ஒழுங்கைக்குள் வந்து நின்றபோது, வேலிக்கு மேலே தெரிந்த தலைகளை எண்ண முடியாது.

ஞாயிறு காலை அருமைநாயகி மருதடிப் பிள்ளையாருக்குப் போயிருந்தாள். தில்லைநாதன் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். வாசல் படலையடியில் ஒரு முன்பின் தெரியாத மனிதர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பட்டுக்கரைச் சால்வை.

"தம்பி, இஞ்சை ஒரு பசுமாடு விலைக்கு இருக்கெண்டு கேள்விப்பட்டன்..."

ஐயோ, என்ன சொல்ல! யாழ்ப்பாணத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு முன்பின் தெரியாதவர் பட்டுக்கரைச் சால்வையோடு வந்து பசுமாடு கேட்டால், அவர் மாடு வாங்க வரவில்லை. மாப்பிள்ளை வீட்டு ஆள். சம்மதம் சொல்ல முதல், வீடு எப்படி, வாசல் எப்படி, தண்ணீர் கொண்டுவந்து தருகிற பிள்ளை எப்படி என்று களவாக ஒரு பார்வை பார்க்க வந்தவர். அப்படி ஒருவர் வந்தால் வாயைக் கட்டி, அடக்கமாக, இல்லாததை இருப்பதுபோலவும் காட்டாமல், இருப்பதை இல்லையென்றும் சொல்லாமல் இருக்க வேண்டும். வேறு எந்த நாளென்றாலும் தில்லைநாதனும் விஷயத்தைப் பிடித்திருப்பார். அன்றைக்கு அவருக்குக் கண் எல்லாம் கார்.

"மாடோ? அது கிடக்கட்டும், இதைப் பாருங்கோ அண்ணை," என்று மனிதரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். மூடியைத் திறந்து எஞ்சினைக் காட்டினார். பாம் பாமென்று கோணை அடித்துக் காட்டினார். வந்தவரை ஏற்றி மானிப்பாய்ச் சந்திவரை ஒரு சுற்றும் ஓடிக் காட்டினார்.

"உங்கடையோ?" என்று கேட்டார் வந்தவர்.

"வாங்கப்போறன்! இனி என்ன, வாங்கின மாதிரித்தான்," என்றார் நம்முடைய ஆள். நுணலும் தன் வாயால் கெடும்.

பூரணம் மூக்குப்பேணியில் கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், காரை ஒரு பார்வை பார்த்தார், கோப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கோயிலால் வந்த அருமைநாயகி கதையைக் கேட்டாள்.

"மாட்டைப் பாத்தவரோ?"

"இல்லை. மாட்டுப் பக்கமே திரும்பேல்லை. காரிலை நல்ல ஆசை மனிசனுக்கு."

அருமைநாயகி அருச்சனைத் தட்டோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

புதன்கிழமை அதே மனிதர் ஒளிவு மறைவில்லாமல், வெற்றிலையோடு வந்தார். பெயர் கனகசபாபதி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். குறிப்புப் பொருந்துகிறது, பிள்ளையைப் பிடித்திருக்கிறது, வீடு வளவு காணும், நகையும் போதும் என்றார். தில்லைநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதோடை அந்தக் காரும் இருந்தால் ஆவணியிலை ஒரு நல்ல நாள் பாப்பம்," என்றார் கனகசபாபதி. "புதுச் சோடிக்கெண்டே செய்த கார் தம்பி. ரெண்டே ரெண்டு இருக்கை."

"ஐயோ அண்ணை, அது... நான் யோசிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன். இன்னும் வாங்கேல்லை."

"நானோ தம்பி கேட்டனான்? நான் பசுமாடு எண்டுதானே வந்தனான். காரைக் காட்டினது நீர்தானே. இப்ப மருமோனுக்குத் தெரியும், அவன்ரை தாய்க்குத் தெரியும், சாவகச்சேரிச் சந்தை முழுக்கத் தெரியும். இனி இல்லையெண்டால் அவைக்கு மரியாதைக் குறைவு."

பார்த்தீர்களா பொறியை! வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவரும் கார் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது வாங்காமல் விட்டால் மகளின் கலியாணம் போகும். வாங்கினால் கார் போகும். தில்லைநாதன் உள்ளே திரும்பிப் பார்த்தார். அடுப்படி வாசலில் பூரணம் அரிசி புடைக்கிற சுளகோடு இருந்தாள். சுளகு அசையவில்லை. கை அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்தாறு வயதுப் பிள்ளையின் குனிந்த தலையைக் கண்ட பிறகு எந்தத் தகப்பனால் என்ன செய்ய முடியும்?

"ஓம்," என்றார் தில்லைநாதன்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. கார் வாசலில் மாலை போட்டுக்கொண்டு நின்றது. அப்போதுதான் ஒரு விஷயம் வெளிவந்தது. மாப்பிள்ளைக்குக் கார் ஓடத் தெரியாது! மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற நேரம், இரண்டு இருக்கையில் ஒன்றில் ஓட்டுகிறவர் இருக்க வேண்டும். கடைசியில் பொம்பிளை பூரணம் வாடகைக் காரில் பெண்டுகளோடு நெருக்குப்பட்டுப் போக, மாப்பிள்ளை பச்சைக் காரில் மாமனாருக்குப் பக்கத்தில் தலைப்பாகையைப் பிடித்தபடி போனார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. தில்லைநாதனும் வேண்டா வெறுப்பாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் பிடித்துச் சாவகச்சேரிக்குப் போய் மருமகனுக்குக் கார் பழக்குவது அவருடைய வேலையாயிற்று. சண்முகநாதன் தங்கமான பிள்ளை, ஆனால் பயந்தவர். ஒரு கோழி குறுக்கே போனால் இரண்டு கையையும் விட்டுவிடுவார். அவரைப் பழக்கி முடிந்ததும் ஸ்ரியரிங் அரைமணித்தியாலம் தில்லைநாதனின் கைக்கு வரும். நாவற்குழிப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் நீர் மினுங்க, காற்று முகத்தில் அடிக்க, தாம் கீறின தெருவில் தாமே போவார். கேட்ட சனிக்கிழமை கிடைத்தது, கேட்ட காரும் கிடைத்தது. பக்கத்தில் இருக்க வேண்டியவள் மட்டும் மானிப்பாயில் இருந்தாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். மனிதர் ஒரு சின்னக் கள்ளம் செய்தார். மருமகனுக்கு எல்லாம் பழக்கினார், காரைப் பின்னுக்கு எடுக்கிறதை மட்டும் பழக்கவில்லை. "அது கஷ்டம் தம்பி, ஆறுதலாய்ப் பாப்பம்" என்று கிழமைக்குக் கிழமை தள்ளினார். பின்னுக்கு எடுக்கத் தெரியாதவன் காரை வளவுக்கு வெளியே எப்படிக் கொண்டுவருவான்? அவருக்குத் தெரியும், அது தவறு. தெரிந்துதான் செய்தார்.

கார்த்திகையில் ஒரு நாள் சண்முகநாதன் தானாகவே சொன்னார்: "மாமா, வாற சனிக்கிழமை பழகி முடிய நீங்கள் காரைக் கொண்டுபோங்கோ. மாமியை எங்கையாவது கூட்டிக்கொண்டு போட்டுத் திங்கள் கொண்டந்தால் காணும்."

அந்தக் கிழமை முழுக்க தில்லைநாதனின் கால் நிலத்தில் பாவவில்லை. "கீரிமலைக்கு வெளிக்கிட்டு நில்லும், நாலு மணிக்கு வாறன்" என்று அருமைநாயகியிடம் சொன்னார். அவள் வழக்கம்போல "விசர்" என்றாள்.

சனிக்கிழமை சாவகச்சேரிக்குப் போனபோது மருமகன் மருந்துச்சாலையில் இருந்தார். பூரணம் தகப்பனைப் பின்வளவுக்குக் கூட்டிப் போனாள். முகம் வாடியிருந்தது.

"அப்பா, அவருக்குப் பின்னுக்கு எடுக்கப் பழக்கி விடுங்கோ."

"பழக்கலாம் பிள்ளை, அது..."

"எனக்குத் தெரியும் அப்பா. மாமனார் வந்தால்தான் கார் அசையும் எண்டு மருந்துச்சாலையிலை பகிடி பண்ணுகினம். அவர் என்னோடை முகம் குடுத்துக் கதைச்சு ஒரு கிழமையாச்சு. காரை எங்களுக்கு விடுங்கோ அப்பா. எனக்காக."

அன்று பின்னேரம் கால் மணித்தியாலத்தில் பழக்கிவிட்டார். கால் மணித்தியாலம்தான் அதற்கு வேண்டியிருந்தது. சண்முகநாதன் காரைப் பின்னுக்கு எடுத்து, படலையால் நேராக வெளியே கொண்டுவந்து, தெருவில் திருப்பி நிறுத்திவிட்டுப் பிள்ளைபோலக் கை தட்டினார். "பூரணம், ஓடி வாரும்! வெளிச்சம் இருக்கேக்கை பருத்தித்துறைக்குப் போட்டு வருவம்!" என்று கூப்பிட்டார். பூரணம் ஏறினாள். ஒரு கிழமைக்குப் பிறகு சிரித்தாள். ஏறின பிறகுதான் மருமகனுக்கு நினைவு வந்தது.

"ஐயோ மாமா, நீங்கள் எல்லோ கொண்டுபோறது எண்டு... அடுத்த கிழமை கொண்டுபோங்கோவன். இப்ப எப்பிடிப் போவியள்?"

மகளின் சிரிப்பை அவர் ஒருதரம் பார்த்தார். "பஸ் இருக்கு தம்பி. கவனமாய்ப் போங்கோ," என்று படலையைச் சாத்தினார். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. பஸ்ஸில் ஆட்களுக்கு நடுவே நின்றுகொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். கடல் நீர் தெரியவில்லை.

மானிப்பாயில் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஆறு மணி. தூரத்திலேயே கண்டுவிட்டார். படலையடியில் அருமைநாயகி நின்றாள். பெட்டகத்தில் கிடந்த நீலச் சேலையை உடுத்து, கையில் மாற்றுடுப்புப் பையோடு, தலையை ஒரு வெள்ளை லேஞ்சியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். நாலு மணியிலிருந்து நின்றிருக்கிறாள்.

"கார் எங்கை?"

தில்லைநாதன் செருப்பைப் பார்த்தார். "அதிலை ரெண்டு பேர்தானே அருமை இருக்கலாம்."

அருமைநாயகி லேஞ்சியின் முடிச்சை மெல்ல அவிழ்த்தாள்.

"நாங்களும் ரெண்டு பேர்தானே," என்றாள்.