தேர் வடம் கட்டிய லொறி

தம்பி மகன் வாங்கிய ஹைபிரிட் காரில் நுவரெலியாவிலிருந்து கொத்மலைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் இருந்த சின்னத் திரையைக் காட்டினான்.

"பாருங்க அத்த, இறக்கத்துல கால எடுத்தா மோட்டாரே டைனமோவா மாறிடும். சக்கரம் அதச் சுத்துது, பேட்டரி ஏறுது. பிரேக்குல சூடா வீணாப் போறதுதான் கரண்டா வருது."

"அப்ப ஏத்தத்துல?"

"சேத்து வச்சத எடுத்து மோட்டாரும் சேந்து தள்ளும்."

சரிப்பா என்றேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் வீட்டுக்காரர் லொறி ஓட்டினார். தேயிலைப் பெட்டிகளோடு மலை இறங்கி வந்தால் சட்டையெல்லாம் பிரேக் கருகிய வாடை. எத்தனை துவைத்தாலும் போகாது. நானும் திட்டித் தீர்ப்பேன்.

லொறியின் பேட்டரி சோப்ளாங்கி. அதனால் கோயில் சரிவில்தான் நிறுத்துவார். உருட்டிவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் கரண்ட் கிடையாது. வருஷா வருஷம் திருவிழாவுக்கு அந்தப் பேட்டரியைக் கழற்றித்தான் ஒலிபெருக்கிக்குக் கொடுப்பார்கள். அந்த வருஷம் சரிவில் தேர் இறங்க வேண்டும் என்று லொறியைக் கீழே தேயிலை பெக்டரி முற்றத்துக்கு உருட்டிவிட்டார்கள். எனக்கு நிறைமாதம். பாட்டுச் சத்தத்துக்குப் பிள்ளை உதைத்தது. சந்தோஷமாக இருந்தது.

திருவிழா முடிந்த மறுநாள் காலையில் வலியோடு இரத்தமும் போனது. தோட்டத்து மருந்துக்கார ஐயா வந்து பார்த்துவிட்டு, உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். லொறியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தார்கள். இரவெல்லாம் பாட்டுப் போட்ட பேட்டரியை மாட்டிப் பார்த்தார்கள். ஒரு முனகல்கூட இல்லை. முன்னால் கைப்பிடி போட்டு மாறி மாறிச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. தள்ளிவிடலாம் என்றால் முற்றத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம்.

யாரோ ஓடிப்போய்த் தேர் வடத்தைக் கொண்டுவந்து கட்டினார்கள். அம்மனை இழுத்தவர்களே என்னையும் இழுத்தார்கள். பழக்கதோஷத்தில் ஒருவர் "அரோகரா" என்று ஆரம்பித்தார். மற்றவர்கள் சேரவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுத்துக்கடி, மேல ஏறிட்டா புடிச்சிக்கும்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர் கத்தினார்.

பாதி ஏற்றத்திலேயே உதை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை, அவர் வண்டி ஓட்ட வேண்டுமே. உச்சிக்குப் போய் உருட்டியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் இறக்கங்களில் அதே பிரேக் வாடை.

ஆண்பிள்ளை என்றார்கள். எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷமும் திருவிழா வந்தது. பேட்டரியை அவரேதான் கழற்றிக் கொடுத்தார். நான் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன்.

மலையடிவாரம் வந்ததும் தம்பி மகன் திரையைத் தட்டினான்.

"முழுசா ஏறிருச்சு அத்த. எல்லாம் சும்மா கெடச்சது."

பார்த்தேன். அழுகை வரவில்லை; அன்றைக்கும் வரவில்லை. கோயில் சரிவும் அந்த மலைப்பாதையும் கண்முன் வந்தன. தினமும் அவர் அத்தனை இறக்கம் இறங்கினார்; எல்லாம் பிரேக் சூடாகவே போனது. அந்தப் பெக்டரி ஏற்றம் அதில் கால்வாசிகூட இருக்காது.