தங்கையின் வயிற்றில் நான் கட்டிய துணி

என் தங்கை எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவளுடைய அக்காவின் வணக்கம்.

கள்ளிக்குப்பத்தில் பிறந்தாள். பத்து வயதில் அம்மாவை இழந்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தலை பின்னியவளும் நான்தான், அடித்தவளும் நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு வருடம் சட்டைகளுக்குக் காலர் தைத்தாள். வாய்த்துடுக்கு அதிகம். "நீ பேசினா ஷிப்ட்டு சங்கே தேவையில்லக்கா" என்று என்னைக் கேலி செய்வாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள்.

பாரிவாக்கத்தில் கட்டிக்கொடுத்தோம். ஐந்தாம் வருடம் உண்டானாள். ஸ்கேனுக்கு நான்தான் கூடப் போனேன். கர்ப்பப்பையில் பெரிய நார்க்கட்டி இருந்தது. புகுந்த வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவள் வாயை அடைத்தேன். ரிப்போர்ட்டை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பெண் குழந்தை பிறந்தது. என் வீட்டுக்கு அழைத்துவரக் கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்து, "ஜுரமோ வலியோ வந்தா ஒரு நாள் கூட வெச்சிருக்காதீங்க. கட்டியில சீழ் பிடிக்கலாம்" என்றார். தலையாட்டினேன்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். பால் கட்டியிருக்கும் என்று நானே முடிவு செய்தேன். வயிறு இறங்காததால், நம் வீட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் கட்டுவதுபோல், பழைய காட்டன் புடவையைக் கிழித்துக் கட்டினேன்.

"வலிக்குதுக்கா. கொஞ்சம் லூசு பண்ணு."

"இப்ப உட்டா தொப்ப உழும்டி. கம்முனு கட."

இன்னொரு சுற்று இறுக்கினேன்.

பதினோராம் நாள் பெயர் வைக்கும் விழா. அது முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். அறையில் நாற்றம் வந்தது. சாம்பிராணி போட்டேன். விழாவன்று தொட்டிலருகிலேயே சுருண்டு விழுந்தாள். கட்டியில் சீழ் பிடித்து விஷம் இரத்தத்தில் ஏறியிருந்தது. மாப்பிள்ளை இரத்தத்துக்கு அலைந்துகொண்டிருந்தபோது டாக்டரம்மா என்னைத் திட்டினார். "அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்கம்மா" என்றாள் தங்கை. கர்ப்பப்பையை எடுத்தும் பயனில்லை. நான்காம் நாள் போய்விட்டாள். இந்த மலரில் 'உடல்நலக் குறைவால்' என்று மட்டும் எழுதச் சொன்னார்கள் வீட்டில். எனக்கு மனம் வரவில்லை.

இரத்தம் கொடுத்த கம்பெனித் தோழிகளுக்கும், தன் பிள்ளையோடு எங்கள் பாப்பாவுக்கும் பாலூட்டிய எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஐசியூ வாசலில், "டாக்டரு முன்னாடியே ஒண்ணும் சொல்லலியா அண்ணி?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

டாக்டரம்மா சொன்னார், மாப்பிள்ளை. என்னிடம்தான் சொன்னார்.