வெள்ளிமலைச் சாமை வேலைக்கு இறங்கும் நேரம்

ஆவணியில் நான் கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்குப் போனது மேகம் பார்க்க அல்ல, வேர் பார்க்க. செல் ஆய்வுதான் என் தொழில். மழை தவறினாலும் சாமை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று அதன் வேர்நுனியில் தேடுவதற்காக இரண்டு வருட ஆய்வு உதவித்தொகை வாங்கியிருந்தேன். முதல் வருடத்துக்குள் செல்கள் பிரிவதைக் காட்டும் ஒரு தெளிவான படமாவது தரவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் வருடம் கிடையாது. சென்னையில் நாற்று வளர்த்து நான்கு மாதம் பார்த்தேன். ஒன்றுகூடப் பிரியவில்லை. கையில் இருந்தது பத்தொன்பது நாள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து காலை 7.40 பேருந்தில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை ஏற்றம். நாற்பது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். கீழேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். வளைவுகளில் நான் பட்ட பாடு போதும்.

சாமை பயிரிடும் மலரிடம் போனில் முன்பே பேசியிருந்தேன். என் வயசுதான் அவருக்கு. பேருந்தை விட்டு இறங்கி, நடந்து, வீடு கண்டுபிடித்து, பதினொன்றரைக்கு அவர் கொல்லையில் (இங்கே வயலைத்தான் கொல்லை என்கிறார்கள்) வேர்நுனி வெட்டி, சாயத்தில் போட்டு, அவர் வீட்டு அடுப்பில் சூடுகாட்டி, கண்ணாடியில் நசுக்கி, கையோடு கொண்டுபோன சின்ன மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். எல்லாச் செல்லும் சும்மா உட்கார்ந்திருந்தது.

“இன்னா மேடம், மூஞ்சி தொங்கிப்போச்சு?” என்றார் மலர்.

“ஒண்ணும் வேலை செய்யலங்க.”

“இந்நேரத்துக்கு யாரு வேல செய்வா? நாங்க பனியோட களை எடுத்து முடிச்சி வூட்டுக்கு வந்துகினு இருக்கோம், நீங்க அப்பதான் பஸ்ஸ வுட்டு எறங்குறீங்க!”

அவர் என்னைத்தான் கிண்டல் செய்தார். எனக்கோ பொறி தட்டியது. சென்னையிலும் விடுதி டிபன், டவுன் பஸ், ஆய்வகப் பூட்டு எல்லாம் கடந்து நான் கத்தி எடுக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். வேர்நுனியில் செல்கள் அதிகம் பிரிவது காலையில்தான். வெங்காய வேரை வைத்து ஜூனியர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் அது. அட மக்கே!

அன்று மாலை பேருந்தை விட்டுவிட்டு மலர் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் 6.50க்குப் பனி ஈரத்தோடு வெட்டினேன். அதே சாயம், அதே அடுப்பு. 7.35க்கு மைக்ராஸ்கோப்பில் குனிந்தால், குரோமோசோம்கள் இரண்டு பங்காகி ஆளுக்கொரு பக்கம் நகர்ந்திருந்தன. ஒன்றல்ல, பதினொரு செல்!

“ஐயோ!” என்று நான் கத்தியதில் பாம்பு என்று நினைத்து மலர் ஓடிவந்தார். குனிந்து பார்த்தவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இது எங்க சாமையா?”

“உங்க கொல்லையிலதாங்க வெட்டினேன்.”

அவ்வளவுதான், களை எடுப்பவர்கள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “அடியே, எல்லாரும் வாங்கடி! நம்ம சாமை வேல செய்யறத பாருங்க!”

கையில் களைக்கொத்தோடு ஒன்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன், என் ஸ்லைடைப் பார்க்க யாரும் வரிசையில் நின்றதில்லை.

படத்தை அனுப்பினேன். இரண்டாம் வருடம் கிடைத்தது. அதற்கான படிவத்தில், எதிர்கால ஆய்வை எங்கே செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. வெளிநாட்டில் ஒரு பெரிய ஆய்வகத்தின் பெயரை எழுதுவதாகத்தான் முதலில் இருந்தேன். கடைசியில் கல்வராயன் மலை, கொல்லையோரம் ஒரு சிறு ஆய்வுக்கூடம் என்று எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் போவதானால் ஸ்வெட்டர் வேண்டும். கேட்காமல் யார் கொல்லையிலும் கால் வைக்காதீர்கள். மற்ற யோசனையை மலரே சொல்லிவிட்டார், நான் போனில் சேதி சொன்ன அன்று:

“அப்ப அடுத்த ஆவணிக்கும் வருவீங்க. அந்த தபாவாவது மொத நாளே வந்து படுங்க மேடம். சாமை உங்களுக்காக காத்துக்கினு இருக்காது.”