தனியே செல்பவளுக்குத் தகுந்த இரண்டு நகரங்கள்

யாங்கூனில் எங்கள் வீடிருக்கும் தாமுவேயிலிருந்து விமான நிலையம் பதின்மூன்று கிலோமீட்டர். டாக்சிக்காரர் பதினெட்டாயிரம் கியாட் கேட்டார். பேரம் பேசாமல் ஏறினோம். ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு கிளம்பியிருந்தோம்: நான், அப்பா, தங்கை ரூத். வியன்னாவில் நடக்கும் சொற்போர்ப் போட்டிக்கு எங்கள் குழுவுக்கு அழைப்பு வந்திருந்தது. போட்டி முடிந்ததும் மற்றவர்கள் திரும்பிவிடுவார்கள். நான் மட்டும் ஐந்து நாள் தனியாகச் சுற்றிவிட்டு வருவதாக ஏற்பாடு.

அந்த ஐந்து நாளை நம்பித்தான் ரூத்தின் படிப்பு இருந்தது. சென்னையில் செவிலியர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பெண்பிள்ளையைத் தனியாகக் கடல் தாண்டி அனுப்புவதில்லை என்று அப்பா மறுத்துவந்தார். கப்பல் கம்பெனி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நிபந்தனை இல்லாமல் எதற்கும் சம்மதிக்க மாட்டார். வீட்டில் நான் வாதிட்டு வாதிட்டுப் பெற்ற நிபந்தனையை வண்டியிலும் ஒருமுறை படித்துக் காட்டுவதுபோல் சொன்னார்.

"எஸ்தரு, அஞ்சு நாள் நீ தனியா நின்னு காட்டு, ரூத்த நான் அனுப்புறேன். நடுவுல, 'அப்பா முடியல, ஏதாச்சும் பண்ணுங்க'ன்னு ஒரு போன் வந்துச்சு, பேச்சு அதோட முடிஞ்சுது."

"அக்கா போன் போட்டா, முடியலன்னு சொல்றதுக்கே அர மணி நேரம் பேசும்பா," என்றாள் ரூத்.

நகரங்களை நான் தேர்ந்தெடுத்த முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். கிளம்ப நினைக்கும் பெண்களுக்கு அது உதவும். அரண்மனைகளையும் கோபுரங்களையும் நான் கணக்கில் கொள்ளவில்லை. எங்கள் யாங்கூன் தெருக்களில் வழிப்போக்கருக்காக மண்பானையில் குடிநீர் நிரப்பி, மூடியின் மேல் ஒரு குவளையைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். யார் வைத்தார், யார் குடித்தார் என்று எவரும் விசாரிப்பதில்லை. அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஐரோப்பாவின் வரைபடத்தைப் பார்த்தேன். அந்நியருக்குத் தெருவில் தண்ணீர் உண்டா? காசு கொடுக்காமல் உட்கார இடம் உண்டா? இருட்டிய பிறகும் ரயில் நிலையத்திலிருந்து தங்குமிடத்துக்கு நடந்தே போகலாமா? இப்படிக் கேட்டபோது பெரிய பெயர்கள் பல உதிர்ந்துபோயின. வியன்னாவும் ஸ்லொவேனியாவின் தலைநகர் லியுப்லியானாவும் நின்றன.

ஒரு வாரம் நடந்த போட்டியில் அரையிறுதி வரை சென்றோம். குழுவினரை வழியனுப்பிவிட்டு, பெண்களுக்கு மட்டுமான பொது அறையொன்றில் முப்பத்திரண்டு யூரோவுக்கு ஒரு படுக்கை எடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண், "தனியாகவா?" என்று கேட்டார். ஆம் என்றதும் வேறு எதுவும் கேட்காமல், ஜன்னலோரப் படுக்கையின் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வியன்னாவின் பூங்காக்களில் குடிநீர்க் குழாய்கள் உண்டு. மலை ஊற்றிலிருந்து வரும் நீர், பல் கூசும் குளிர்ச்சி. ஒரு குழாயடியில் புட்டியை நிரப்பியபோது, ஐரோப்பா எங்கள் தேர்வில் தேறிவிட்டதென்று எனக்குள் மதிப்பெண் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ரயில். முன்கூட்டியே எடுத்ததால் முப்பது யூரோ. ஆறு மணி நேரம் மலைகளுக்கிடையே சென்று, அந்தி சாயும்போது லியுப்லியானாவில் இறக்கிவிட்டது. நிலையத்திலிருந்து தங்குமிடம் பத்து நிமிட நடை. பழைய நகருக்குள் வண்டிகள் வருவதில்லை. ஆற்றங்கரைப் படிகளில் மக்கள் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை ஓர் உட்புறத் தெருவில் சிறிய தேவாலயம் ஒன்றைக் கண்டு நுழைந்தேன். பர்மாவில் புத்தர் பகோடாவானாலும் எங்கள் மாதா கோயிலானாலும் வாசலிலேயே வெறுங்காலாகிவிடுவோம். யோசிக்கவே இல்லை. காலணிகளைக் கழற்றி, காலுறைகளைச் சுருட்டி உள்ளே திணித்து, படியோரம் ஜோடியாக வைத்துவிட்டுப் போனேன். செபித்துவிட்டு வெளியே வந்தால் படி வெறுமையாக இருந்தது.

அக்டோபர் மாதத்துக் கல், உள்ளங்காலில் ஐஸ் கட்டியாகச் சுட்டது. மாற்றுக் காலணி கொண்டுவரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் அப்பாவின் முகம் தோன்றியது.

"எங்கம்மா இருக்க?"

"கோயில் வாசல்லப்பா. செருப்பக் கழட்டிட்டு நிக்கிறேன்."

"நல்லது. எங்க போனாலும் மரியாதைய விட்டுடாத."

அவர் தானாகவே வைத்துவிட்டார். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் ரூத்தின் சென்னை போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தெருமுனைத் தேன் கடைக்கு நடந்தேன். பல மேடைகளில் எதிரணியை மடக்கிய எனக்கு, 'என் காலணியைக் காணவில்லை' என்ற மூன்று சொல் வாக்கியத்தைத் தொடங்குவது எளிதாக இல்லை. ஆனாலும் நிமிர்ந்து நின்று தெளிவாகவே சொன்னேன்.

கடைக்காரி மாயாவுக்கு முப்பது வயதிருக்கும். என் பாதங்களைப் பார்த்தார்.

"எங்கே கழற்றினீர்கள்?"

"தேவாலய வாசலில். எங்கள் ஊரில் அப்படித்தான் உள்ளே போவோம்."

"அங்கே யாரும் எடுத்துப்போக மாட்டார்களா?"

"கடவுளைப் பார்க்க வந்தவர் எடுப்பாரா?"

மாயா சிரித்துவிட்டார். கடையின் உள்ளறையிலிருந்து ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். இரண்டு அளவு பெரியது. கடையைப் பக்கத்துப் பழக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு நடந்தார். தேவாலயத்தின் பின்கட்டில் கோயில் பணியாளர் ஒருவர், ஏழைகளுக்கான துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த அடுக்கின் மேலே, தூசி தட்டித் துடைத்த என் காலணிகள்.

"இவ்வளவு நல்ல காலணியை, காலுறையோடு சேர்த்து விட்டுப்போயிருக்கிறாரே, யார் அந்தப் புண்ணியவதி என்று நினைத்தேன்," என்றார் அவர். "உங்களுக்கே திரும்ப வேண்டுமா?"

"இந்த முறை மட்டும்," என்றேன். மாயா அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாலையில் தம் நண்பர்களோடு ஆற்றங்கரையில் உட்காரவைத்து, பர்மாவைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். நன்றாகவே பேசினேன்.

ஞாயிறன்று யாங்கூனில் இறங்கினேன். திரும்பும் டாக்சியில் அப்பாவிடம் முழுவதையும் சொன்னேன். மறைத்து வெல்வது என் பழக்கமன்று.

"அப்ப உதவி கேட்டிருக்க."

"கேட்டேன். உங்கள இல்லப்பா, அந்த ஊர."

"நிபந்தன என்ன?"

"நான் உங்களுக்குப் போன் போடக்கூடாது. போடல. நீங்கதான் போட்டீங்க."

ரூத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. நான் விடவில்லை. யாரையும் எதுவும் கேட்காமல் திரும்பியிருந்தால் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது என்றேன். முகமறியாதவளுக்காகக் கடையை விட்டுவிட்டு வரும் ஆட்கள் இருக்கும் ஊருக்கு, ஒரு பெண் தைரியமாகத் தனியே போகலாம். அந்தக் குணத்தை அங்கே என்னால் அடையாளம் காண முடிந்ததற்குக் காரணம், நான் யாங்கூன்காரி என்பதே. என் வாதம் முடிந்தது.

தாமுவே சந்தை நெரிசலில் வண்டி நின்றபோது அப்பா ரூத்தின் பக்கம் திரும்பினார்.

"ரூத்து, மெட்ராஸ்ல கோயிலுக்குப் போறப்ப செருப்ப ஒரு பையில போட்டுக் கையிலயே வச்சுக்க."