நெடி வராத மிளகாயும் என் இரும்படுப்பும்

அடுப்பு மாட்டுகிறவனை, அடுப்பு நன்றாக எரியும்போது யாரும் நினைப்பதில்லை. புகைந்தால் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு வார்ப்புப் பட்டறையில் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு வருடம் ஏலமலை எஸ்டேட்டுகளில் வார்ப்பிரும்பு விறகடுப்பு மாட்டித் திரிந்தவன் நான். ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண்ணைக் கசக்கி, இருமிக்கொண்டே சோறு பொங்கியவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜீப்பில் வந்த அடுப்பு

நான் தனியாகப் போய் மாட்டிய முதல் அடுப்பு, ஓர் எஸ்டேட் பங்களாவின் சமையல்கட்டுக்கு. அங்கே சமைத்தவர், மலைக்குக் கீழே போடிப் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரரான பொன்னுத்தாயி அக்கா. பல வருடப் புகையில் அவருக்கு இளைப்பு வந்துவிட்டது. ஊதாங்குழலை வாயில் வைத்தால், விறகு பற்றுவதற்குள் அக்காவுக்கு மூச்சு முட்டிவிடும். ஒன்று புகையை விடு, இல்லாவிட்டால் மலையை விடு என்று போடி டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி இரக்கமுள்ளவர், ஆபத்தே அதுதான். புது அடுப்பிலும் இளைப்பு அடங்காவிட்டால் சிலமலையில் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக முடிவு செய்திருந்தார். அக்காவோ தன் சமையல்கட்டை விட்டுவிட்டு, தம்பி மனைவி வைக்கிற குழம்புக்கு முன்னால் போய் உட்கார மாட்டேன் என்று நின்றார்.

அடுப்பை மூன்று பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். ஓட்டுநர் சுருளி அதை ஜீப்பின் நடுவில் வைத்து, ஏலக்காய் பறிக்கப் போகிற நான்கு பெண்களை அதன் மேலேயே உட்கார வைத்துவிட்டான். வார்ப்பிரும்பு தட்டினால் நெளியாது, உடைந்துவிடும் என்று நான் ஒவ்வொரு வளைவிலும் கத்திக்கொண்டே வந்தேன். சுருளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சும்மா இருண்ணே, அவுக எந்திரிச்சாத்தான் அடுப்பு ஆடும்."

முதல் நாள் பால்

பங்களாச் சுவர் பலகைச் சுவர். அதனால் அடுப்பைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, செங்கல் மேடை கட்டி வைத்தேன். புகைக்குழாய் கூரையைத் தாண்டுகிற இடத்தில் மரத்தில் சூடு படாதபடி பெரிதாக வெட்டித் தகரம் அடித்தேன். எல்லாம் சரியாகச் செய்த கர்வத்தில், குழாயை மட்டும் கூரை முகட்டுக்கு ஒரு சாண் கீழேயே நிறுத்திவிட்டேன். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். என் வயது அப்படி.

புது அடுப்பில் முதல் இரண்டு மூன்று நாள் சுள்ளி போட்டுச் சின்னத் தீயாகத்தான் எரிக்க வேண்டும், இரும்பு பழக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் புது அடுப்பில் பால் பொங்காமல் விடுவார்களா? முதலாளி வந்து நிற்க, அக்கா விறகைத் திணித்தார். புதுக் கறுப்புப் பூச்சு ஒரு பக்கம் நாறிப் புகைந்தது. காற்று முகட்டில் மோதிக் கீழே இறங்கி, குழாய் வழியாகப் புகையைத் திருப்பி அனுப்பியது. பாலும் பொங்கியது, நாங்களும் முற்றத்துக்கு ஓடினோம். மறுநாளே குழாயை முகட்டுக்கு மேலே ஏற்றிவிட்டேன். ஆனால் முற்றத்தில் நின்று அக்கா சொன்னதை இறக்க முடியவில்லை. "தம்பி, பழைய அடுப்பு எனக்கு மட்டுந்தான் புகை குடுத்துச்சு. ஒன் அடுப்பு மொதலாளிக்கும் சேத்துல்ல குடுக்குது!"

ஒரு செம்புத் தண்ணீர்

சமையல் முடிந்ததும் கொள்ளியில் தண்ணீர் தெளித்து அணைப்பது நம் வீட்டுப் பெண்கள் கையோடு பிறந்த பழக்கம். மண்ணடுப்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். கொதிக்கிற வார்ப்பிரும்பு பொறுக்காது. அக்கா ஒரு செம்புத் தண்ணீரை ஊற்ற, டங்கென்று ஒரு சத்தம், மேல் தட்டு குறுக்கே விரிந்துவிட்டது. அக்கா அசரவில்லை. விரிசலில் சாணி பூசி, அதற்கு மஞ்சள் குங்குமமும் வைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது சாணி வெந்து, சமையல்கட்டு மாட்டுத் தொழுவம் மாதிரி மணத்தது.

புதுத் தட்டு மாட்டினேன். கதவைச் சாத்திக் காற்றுத் துளையையும் மூடினால் தீ தானாக அடங்கும், மறுநாள் சாம்பலை மூடி போட்ட தகர வாளியில் அள்ளி வெளியே கல்மேல் வையுங்கள், சாக்கில் கொட்டாதீர்கள் என்று பாடம் நடத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா இடுப்பில் கை வைத்தார். "கதவச் சாத்துனா தானா அடங்கிருமா? உள்ள இருக்கிறது நெருப்பா, கோழியா?"

மிளகாய் சுற்றிப் போட்டது

அதற்குப் பிறகு அடுப்பு அருமையாக இழுத்தது. அதுவே வினையாகிவிட்டது. மிளகாய் வற்றலும் உப்பும் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டால், கண்ணேறு இல்லாதவருக்கு நெடி ஏறும். நெடியே வராவிட்டால் பெரிய கண்ணேறு பட்டிருக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்த கணக்கு. அக்கா முதலாளிக்குச் சுற்றிப் போட்டார். நெடி இல்லை. விறகு வெட்டுகிற வர்கீஸுக்குப் போட்டார். இல்லை. ஜீப்புக்குப் போட்டார். அதற்கும் இல்லை. ஒரே வாரத்தில் எஸ்டேட் முழுக்கப் பீதி. தேவாரம் ஊரிலிருந்து மந்திரிக்கிறவரை அழைத்துவர ஆள் புறப்படத் தயாராக நின்றபோதுதான் நான் போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுப்பின் இழுப்பில் நெடி முழுவதும் குழாய் வழியாக மேலே போய்விடுகிறது என்று வெளியே கூட்டிப் போய்க் காட்டினேன். கூரைப் பக்கம் காற்றோரத்தில் நின்ற வர்கீஸ் தும்மித் தும்மிச் சாட்சி சொன்னான். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இத்தன நாளும் எங்க மேல கண்ணு வச்சது ஒன் அடுப்புதானா?"

அடைமழை

மழை தொடங்கியதும் வர்கீஸ் அன்றன்று வெட்டிய பச்சை விறகைக் கொண்டுவந்து போட்டான். பச்சை விறகு எரியாது, அழும். அந்த அழுகை கரியாகிக் குழாயை உள்ளுக்குள்ளேயே அடைத்துக்கொண்டு வந்தது. குளிருக்குப் பயந்து ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டார்கள். ஒரு மத்தியானம் பக்கத்து எஸ்டேட் வேலை முடிந்து டீ குடிக்கலாம் என்று எட்டிப் பார்த்தால், வர்கீஸ் தலையைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். அக்கா சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவிக்கிறார். ஜன்னலைத் தள்ளித் திறந்து, இரண்டு பேரையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். காற்று பட்டுத் தெளிந்ததும் வர்கீஸ், "ஞான் நேத்து குடிச்சது இன்னிக்குத்தான் ஏறுதுன்னுல்ல நெனச்சேன்" என்றான். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடைத்த அடுப்பிலிருந்து வருகிற விஷக்காற்றுக்கு வாசனையே கிடையாது, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று முதலாளியிடம் சொல்லித் தலைகுனிந்தேன். குழாயை அடிக்கடி துடைக்க வேண்டும் என்று நான் யாருக்கும் அழுத்திச் சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "அடுப்பு கெடக்கட்டும். நாளைக்குக் காலையில பொன்னுத்தாயியச் சிலமலையில கொண்டுபோய் விட்டுருங்க."

ஊதாங்குழல்

அன்று சாயங்காலமே கூரையேறினேன். கயிற்றில் கல்லும் தென்னைநார்க் கட்டும் கட்டி, குழாய்க்குள் இறக்கி இழுத்தேன். அரைச் சாக்குக் கரி விழுந்தது. மறுநாள் காலையில் அக்காவைக் கூட்டிப் போக ஜீப் வந்து நின்றதும் முதலாளியிடம் கெஞ்சினேன். "டாக்டர்ட்ட காட்டிட்டு, இங்கனயே ஒரு மாசம் பாப்போம்யா. பெறகும் இளைப்பு வந்தா அடுப்பையும் கழட்டிக்கிறேன், பட்டறை வேலையையும் விட்டுர்றேன்." அவர் அரைமனதாகத் தலையாட்டினார். டாக்டரிடம் போய் வந்து அக்கா மருந்தைத் தொடர்ந்தார். வர்கீஸ் காய்ந்த விறகைத் தேடி, கூரைக்கடியில் அடுக்கினான்.

ஒரு மாதம் கழித்து முதலாளியோடு நானும் அதே ஜீப்பில் ஏறினேன். பங்களா வாசலில் இறங்கும்போதே அக்காவின் குரல் கேட்டது. ஈரக்காலோடு உள்ளே வந்த வர்கீஸை, அவன் பாட்டன் காலத்திலிருந்து தொடங்கி ஒரே மூச்சில் திட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு இருமல் இல்லை, ஒரு நிறுத்தல் இல்லை. முதலாளி நின்று முழுவதையும் கேட்டார். பிறகு சுருளியைப் பார்த்து, "நீ கீழ போகையில ஏலக்காய் லோடு ஏத்திக்க, பொன்னுத்தாயி வரல" என்றார். என் கண் கலங்கிவிட்டது. பழி போட ஒரு பொட்டுப் புகைகூட அங்கே இல்லை.

உள்ளே போனேன். சமையல்கட்டு ஜன்னல் நான்கு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. காற்றில் சாத்திக்கொள்ளாதபடி அக்கா தன் பழைய ஊதாங்குழலை இடுக்கில் முட்டுக் கொடுத்திருந்தார். நான் அதையே பார்ப்பதை அக்கா கவனித்துவிட்டார். "என்ன செய்யச் சொல்ற தம்பி? ஊத மூச்சு வந்துருச்சு, ஊதத்தான் அடுப்பு இல்ல!"

மலையில் எத்தனையோ அடுப்பு மாட்டினேன். நன்றாக எரிந்ததெல்லாம் சமையல்காரர்களின் கைராசி, புகைந்தது மட்டும் என் வேலை என்றுதான் இன்றுவரை போடியில் பேச்சு.