சுருட்டை விரியன்

மாரடைப்பு வந்த அப்பாவை ஒரகடத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது.

"இந்த மருந்து ரத்தத்த உறைய வுடாதுக்கா. சுருட்டை விரியன் விஷத்தப் பாத்து செஞ்சது," என்றார் டூட்டி டாக்டர்.

எனக்கு எட்டு வயதில் அம்மாவைக் கடித்தது அந்தப் பாம்புதான். இப்போது கார் கம்பெனி நிற்கிற இடம் அன்று எங்கள் வேர்க்கடலைக் கொல்லை. அப்பா மண்வெட்டியால் பாம்பைக் கூழாகும்வரை அடித்தார். பிறகு சவர பிளேடை எடுத்தார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

"காலக் கெட்டியா புட்சிக்கோ. ரத்தம் போனா விஷம் எறங்கிடும்."

பிடித்தேன். கடிவாயைக் கீறினார், மறுபடி கீறினார். அம்மா அலறிக்கொண்டே என் முதுகில் குத்தினாள். நான் விடவில்லை. ரத்தம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், படப்பை தாண்டுவதற்குள் வேனிலேயே செத்துப்போனாள்.

டாக்டர் சொன்னது அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. "அந்த விஷம் எனக்கு வாணாம்," என்று டியூபைப் பிடுங்கப் போனார். அவர் மணிக்கட்டைக் கட்டிலோடு அமுக்கினேன். மறுகையால் என் கன்னத்தில் அறைந்தார்.

"வுட மாட்டேம்பா," என்றேன். "கெட்டியா புட்சிக்க நீதான கத்துக்குடுத்த."