கட்டுப் போட்ட கால்

நெவில் ஹெப்வொர்த்தின் இடது முழங்காலை அவன் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கெல்தோர்ப் டவுன் கால்பந்து கிளப்பில் சட்டை துவைப்பது, கிழிந்த காலுறையைத் தைப்பது, டீ போடுவது, சேற்று பூட்ஸோடு உள்ளே வருகிறவனைத் திட்டுவது எல்லாம் என் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இருந்தவள் என்பதால் கட்டுப் போடுவதும் என் தலையில் விழுந்தது. கிளப்புக்கு வைத்தியர் என்று ஒருவர் இருந்தார். வாரம் முழுக்க இறைச்சிக் கடை. சனிக்கிழமை மட்டும் ஒரு வாளித் தண்ணீரும் பஞ்சுமாக வந்து நிற்பார். அவரிடம் காலை நீட்ட எவனுக்கும் தைரியம் வராது. அதனால் எல்லாரும் "ஐரீன் அக்கா" என்று என்னிடம்தான் வருவார்கள்.

நெவ் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். உடனே பேப்பரில் படம் வருகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்து லீக்கின் கடைசிப் படியான நான்காவது டிவிஷனில் முன்வரிசை ஆட்டக்காரன் என்றால், எதிரியின் கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னாலிருந்து வருகிற உதையை வாங்கிக்கொண்டு, வானத்திலிருந்து விழுகிற பந்தைப் பிடித்து அடுத்தவனுக்குக் கொடுக்கிறவன். கோல் போட்டால் ஊர் அவன் பெயரைப் பாடும். போடாவிட்டால் அதே மெட்டில் திட்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மெட்டு ஒன்றுதான் தெரியும்.

பதினாறு வயதில் ஒரு பெரிய கிளப் அவனைப் பயிற்சிக்கு எடுத்தது. பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைக்கவைத்து, கழிப்பறையைக் கழுவவைத்து, கடைசியில் உயரம் போதாது, வேகமும் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஊர் ஊராக அலைந்தான். ஒரு ஊரில் ஒரு வருடம், இன்னொரு ஊரில் ஒன்றரை வருடம். ஏதோ ஒரு ஊரில் முழங்காலுக்குள் இருந்த குருத்தெலும்பை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து இடது கால் எலும்பும் எலும்பும் உரசுகிற கால்தான். மாடிப்படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குவான். கேட்டால், "பழக்கம்க்கா" என்பான். நண்டுக்குத்தான் அந்தப் பழக்கம்.

அந்தக் காலை ஒளித்து வைக்க அவனிடம் ஒரு தந்திரம் இருந்தது. நல்ல காலான வலது காலில்தான் கட்டுப் போடச் சொல்வான். பார்க்கிறவர்கள் கண்ணில் படும்படி, வெள்ளைப் பட்டை, தடிமனாக. கட்டைப் பார்த்த எந்தத் தடுப்பாட்டக்காரனும் அங்கேதான் உதைப்பான். இந்த டிவிஷனில் அது மாமூல். நெவ் வலது காலைப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்று புரண்டுவிட்டு, எழுந்து ஓடுவான். கெட்ட காலை யாரும் சீண்ட மாட்டார்கள். எங்கள் மேனேஜர் வில்ஃப் கேட்டரலுக்கே வலது காலில் கொஞ்சம் இறுக்கம் என்றுதான் தெரியும்.

வீட்டுக்கு வெளியே உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். கட்டுப் போடுகிற நான். இன்னொருவன் பாரி டன்னிக்ளிஃப்.

டன்னி எங்கள் தடுப்பாட்டக்காரனாக இருந்தவன். வெளியூர் போனால் இருவருக்கும் ஒரே அறை. ஒருவன் சிப்ஸ் வாங்கினால் இன்னொருவன் பாதியைத் தின்றுவிடுவான். நெவ்வின் மகள் பெலிண்டாவுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான். இது நடப்பதற்கு முந்தின கோடையில் வில்ஃப் அவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவன் போய் ஆல்காட் ரோவர்ஸில் சேர்ந்தான்.

எங்கள் ஆட்டக்காரர்கள் இருப்பது கிளப்புக்குச் சொந்தமான வீடுகளில். ஒப்பந்தம் முடிந்தால் ஜூன் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். நெவ்வின் மனைவி க்ளெனிஸ் அப்படி எத்தனை சாவிகளைக் கொடுத்திருப்பாளோ. ஆல்மா தெரு வீட்டில்தான் முதன்முதலாகச் சுவருக்கு அவளே நிறம் தேர்ந்தெடுத்துப் பூசினாள். அந்த வசந்தத்தில் ஒருநாள் என் சலவை அறைக்கு வந்து, நான் சட்டைகளைப் பிழியும்போது பக்கத்தில் நின்று சொன்னாள்.

"அக்கா, நான் அவர்கிட்ட சொல்லிட்டேன். இன்னொரு தடவ பெட்டி கட்டினா, அது க்ரிம்ஸ்பில இருக்கிற எங்கம்மா வீட்டுக்குத்தான். புள்ளையையும் கூட்டிட்டு."

"கோவத்துல சொல்றியா?"

"கோவம் எல்லாம் மூணு வீட்டுக்கு முன்னாடியே தீந்துபோச்சுக்கா."

அவள் அழுதிருந்தால்கூட எனக்குப் பயம் வந்திருக்காது.

அந்த வருடம்தான் புது விதி வந்திருந்தது. கடைசி இடத்தில் நிற்கிற அணி லீக்கை விட்டே வெளியே போக வேண்டும். அதுவரை கடைசியில் வந்தாலும் மற்ற கிளப்புகள் ஓட்டுப் போட்டு உள்ளே வைத்துக்கொள்ளும். நாங்களும் அந்தத் தயவில் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். இனி அது நடக்காது. வெளியே போனால் கிளப் பாதி நேர வேலையாகிவிடும், வீடுகளை விற்றுவிடுவார்கள். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற நிலைமை. அந்த ஆட்டம் யாரோடு? ஆல்காட் ரோவர்ஸோடு. நெவ்வைத் தடுக்கப்போகிறவன் டன்னி.

வில்ஃப் நெவ்வின் தோளில் கைபோட்டு என் எதிரிலேயே சொன்னார். "நம்மள லீக்ல வெச்சிரு ஹெப்பி. அடுத்த வருஷ ஒப்பந்தம் உனக்கு உண்டு. கால் ரெண்டும் இருக்கில்ல?"

"இருக்கு பாஸ்."

ஆட்டத்தன்று காலையில் நெவ் என் அறைக்கு வந்தான். முகம் சவம் மாதிரி வெளுத்திருந்தது. ராத்திரி தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. மாத்திரையை டீயில் முழுங்கிவிட்டு, மேசையில் ஏறி உட்கார்ந்து, இடது காலை நீட்டினான்.

"அக்கா, இன்னிக்கு இதுல கட்டுங்க."

"என்னடா இது? கட்டு எப்பவும் அந்தப் பக்கம்தானே?"

"டன்னிக்குத் தெரியும்க்கா. கட்டு இல்லாத காலுதான் கெட்ட காலுன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். எந்தப் பக்கம்னு அவனுக்கு ஞாபகம் நிக்காது, எடது வலது எப்பவும் கொழப்பம்; கட்டு இல்லாத காலப் பாத்து நேரா அங்கதான் வருவான். இன்னிக்கு மாத்திக் கட்டிட்டா, அவன் வலது கால அடிப்பான். அது தாங்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவன் உன் புள்ளைக்கு ஞானத்தகப்பன்டா. நாலு வருஷம் ஒரே ரூம்ல குறட்டை விட்டீங்க. அவனா உன் கால ஒடைக்கப் போறான்?"

"அவனுக்கும் அடுத்த வருஷம் வேணும்ல? அவங்க மேனேஜர் பாத்துட்டே இருப்பாரு. அவனுக்கும் பொண்டாட்டி இருக்கா, வீடு இருக்கு." அவன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான். "அவன் இடத்துல நான் இருந்தா, நான் அடிப்பேன்க்கா."

"அப்ப நம்பக்கூடாதது உன்னைத்தான். அவனை இல்ல."

"சரி, நம்பாதீங்க. கட்டுங்க."

மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். உன் கெட்ட காலை நீயே வெள்ளை அடித்துக் காட்டப்போகிறாயா என்று கேட்டேன். அவன் திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, எனக்கு வேற வேல தெரியாதுக்கா. அவ போயிடுவா." அதற்கு மேல் நான் என்ன பேச? கட்டினேன். இடது காலில், தடிமனாக, வெள்ளையாக.

எங்கள் மைதானத்தில் மே மாதத்திலும் சேறு காயாது. கதவோரம் டீப் பாத்திரத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரு அணிகளும் கை குலுக்கும்போது டன்னி குனிந்து அந்தக் கட்டைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நெவ்வைப் பார்த்துக் கண்ணடித்தான். நெவ் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.

முதல் பாதியில் ஒன்றுமில்லை. டன்னி தள்ளினான், இழுத்தான், சட்டையைப் பிடித்தான், காலைத் தொடவில்லை. ஆல்காட் மேனேஜர் கோட்டோரம் குதித்துக்கொண்டிருந்தார். "டன்னிக்ளிஃப்! அவன் என்ன உன் மாமியாரா? மேல போய் விழுடா! இல்லன்னா அடுத்த வருஷம் பஸ் ஓட்டப் போ!" மைதானம் முழுக்கக் கேட்டது. எங்கள் ஆட்கள்கூடச் சிரித்தார்கள். டன்னி சிரிக்கவில்லை.

இரண்டாம் பாதியிலும் கோல் இல்லை. நேரம் போகப் போகக் கூட்டம் பாடுவதை நிறுத்திவிட்டது. எங்கள் கூட்டம் வாயை மூடுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்போதுதான் பந்து நீளமாக வந்தது. நெவ் பெனால்டி எல்லைக்குள் மார்பில் வாங்கி, அந்த நொண்டிக் காலை ஊன்றி, அழகாகத் திரும்பினான். அவன் அப்படித் திரும்பிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. எதிரே கோல்கீப்பர் மட்டும். உதைக்கக் காலைத் தூக்கினான். டன்னி பக்கவாட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்தான், இரண்டு காலும் முன்னால், முழு வேகத்தில், நேராக வெள்ளைக் கட்டின் மேல்.

அந்தச் சத்தம் கதவோரத்துக்குக் கேட்டது.

நெவ் புரளவில்லை. ஐயோ அம்மா சொல்லவில்லை. அசையாமல் கிடந்தான். டன்னி எழுந்து, எப்போதும்போல நெவ் எழுந்து ஓடுவான் என்று ஒரு வினாடி காத்திருந்தான். பிறகு அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

நடுவர் பெனால்டி கொடுத்து, டன்னியை வெளியே அனுப்பினார். இறைச்சிக் கடைக்காரர் வாளியோடு ஓடினார். முழங்காலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். நாலு பேர் நெவ்வைத் தூக்கிவந்து என் மேசையில் போட்டார்கள். நான் கட்டை வெட்டிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் கூரை அதிர்ந்தது. எங்கள் கேப்டன் பெனால்டியில் கோல் போட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. ஊரே மைதானத்துக்குள் இறங்கி, அதே ஒரே மெட்டில் நெவ்வின் பெயரைப் பாடியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தான். ஆம்புலன்ஸ் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு டன்னி வந்தான். சேற்று பூட்ஸோடுதான். நான் திட்டவில்லை.

"நெவ். டேய். நான் கட்டு போட்ட காலத்தான்டா அடிச்சேன்." வாசலிலேயே நின்றுவிட்டான். "அவரு கத்திட்டே இருந்தாரு. எதாவது பண்ணித்தான் ஆகணும். நல்ல காலுதானே, நீ வழக்கம்போல உருண்டுட்டு எந்திரிச்சிருவன்னு... அந்தப் பக்கம் நான் போவேனாடா? சத்தியமா போகமாட்டேன்டா. இந்தக் கால்ல எதுக்குடா கட்டு?"

எனக்குப் பதிலைச் சொல்லிவிடத் தோன்றியது. நீ அடிப்பாய் என்று நினைத்தான்டா மடையா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அக்கா மாத்திக் கட்டிட்டாங்கடா," என்றான் நெவ். "அவசரத்துல நானும் கவனிக்கல."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் வேலையில் அதுவரை ஒருவனும் குறை சொன்னதில்லை. வாயைத் திறந்தேன். அப்போது அவன் என்னைப் பார்த்தான். வீடு போயிற்று, கால் போயிற்று, க்ளெனிஸ் போகப்போகிறாள் என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. மிச்சமிருந்தது வாசலில் சேற்றோடு நின்று அழுதுகொண்டிருந்த அந்தத் தடியன் ஒருவன்தான்.

"ஆமா," என்றேன். "நான்தான் மாத்திக் கட்டிட்டேன்."

டன்னி என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் விவரிக்க விரும்பவில்லை.

வில்ஃப் மருத்துவமனைக்கு ஒரு கூடை பழம் அனுப்பினார். கால் சரியானதும் வந்து பார் என்றாராம். யார் போய்ப் பார்ப்பது? நாங்கள் லீக்கில் இருந்தோம், நெவ் இல்லை. எங்களுக்குப் பெனால்டியைத் தூக்கிக் கொடுத்தும், ஆல்காட்காரர்கள் டன்னிக்கு இன்னொரு வருடம் கொடுத்தார்கள். பயப்படாமல் மேலே போய் விழுகிற ஆள் என்று அவர்கள் மேனேஜர் மெச்சினாராம். க்ளெனிஸ் ஜூன் கடைசிவரைகூடக் காத்திருக்கவில்லை.

சாமான்களை ஏற்ற டன்னிதான் வேன் எடுத்துக்கொண்டு வந்தான். நெவ்வைத் தன் வீட்டு மாடியறையில் வைத்துக்கொள்ளப்போவதாகத் தெருவில் சொன்னார்கள். நான் ஒரு உருளைக்கிழங்குப் பையோடு போனேன். டன்னி அதை என் கையிலிருந்து வாங்கவில்லை. "வேண்டாம். நீங்க செஞ்சது போதும்" என்றான். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. நெவ் ஊன்றுகோல்களோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை இறக்கினான்.

"டன்னி," என்றான்.

"என்னடா?"

நான் பையைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றேன். நெவ் என்னைப் பார்த்தான், டன்னியைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல. போலாம்" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டான்.